சாட்சியில்லாத வேதனை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் முன்னோர் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவைத்தது, வெப்பமானி இந்நாட்டுக்குள் வருவதற்கு முந்திய காலத்துப் பேச்சாக இருக்கவேண்டும். இன்று காய்ச்சலுக்குச் சாட்சி உண்டு. நாவின் அடியில் வைத்த கண்ணாடிக் குழாய் 102 என்று சொல்லிவிட்டால், எவ்வளவு கண்டிப்பான மேலதிகாரியும் மறுபேச்சின்றி விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திடுவார். தலைவலிக்கு அப்படி ஒரு சாட்சி இன்றுவரை ஏற்படவில்லை. அதனாலேயே வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை முதல், கல்யாண வீட்டுக்குப் போக மனமில்லாத பெரியவர் வரை சகலரும் அதை ஒரு சௌகரியமான பொய்யாக உபயோகித்து, மெய்யாகவே துடிக்கிறவர்களுடைய வார்த்தைக்கும் மதிப்பில்லாமல் செய்துவிட்டார்கள்.

சரீரத்தின் சகல வேதனைகளையும் அறிகிற மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது என்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று. நோயாளியை விழித்திருக்கச் செய்து, அவரோடு பேசிக்கொண்டே மூளையில் சஸ்திர சிகிச்சை நடத்துவது இதனால்தான் சாத்தியமாகிறது. தலையில் வலிப்பவையெல்லாம் மூளையைப் போர்த்திய சவ்வு, இரத்தக் குழாய்கள், தசைகள், முகத்திலும் மண்டைத் தோலிலும் பரவியிருக்கும் நரம்புகள் ஆகியவையே. இவற்றுள் எது வலிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் இல்லாத காலத்திலேயே, சுசுருத சங்கிதை தலைநோய்களைப் பதினொன்றாக வகுத்திருக்கிறது. பாதித் தலையைப் பிளக்கிற அர்த்தாவபேதகம் ஒன்று. சூரியனோடு ஏறிச் சூரியனோடு இறங்குகிற சூரியாவர்த்தம் ஒன்று. பிடரியில் கிளம்பிக் கண்ணையும் புருவத்தையும் நெற்றிப்பொட்டையும் பற்றிக்கொள்கிற அனந்தவாதம் ஒன்று. இந்த அனந்தவாதமே இன்றைய நரம்பு வலி என்று சாதிக்கிறவர்கள் உண்டு. அவ்விதப் பெயர்ப் பொருத்தம் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றையே பற்றிக்கொண்டு, வலி எங்கே புறப்பட்டு எவ்வழியாக எங்கே போய் நிற்கிறது என்று பின்தொடர்ந்த அந்தப் பொறுமைதான் என்னை வியக்கவைக்கிறது.

நாம் அன்றாடம் கேள்விப்படுகிற தலைவலிகள் பெரும்பாலும் மணிக்கணக்கில் நின்று வாட்டுகிறவை. ஒரு குவளை காப்பிக்கும் ஒரு நாழிகை உறக்கத்துக்கும் கட்டுப்படுகிறவையும் அவற்றில் உண்டு. நரம்பிலிருந்து பிறக்கும் வலி வேறு ஜாதி. அது குத்தும், பாயும், மறையும். மறைந்த மறுகணம், வந்ததற்கு அடையாளமே இராது. இதில் கொடியது மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளுள் ஐந்தாவதாகிய முக்கிளை நரம்பின் வலி. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், மற்றொன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகிறது. பின்னிரண்டில்தான் இந்த உபாதை அதிகம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு நொடியிலிருந்து இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும்படியாக, மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வேதனை வரும். அதை வரவழைப்பதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. பல் துலக்குவதும், சவரம் செய்வதும், ஒரு கவளம் மெல்லுவதும், கன்னத்தில் காற்றுப் படுவதுமே போதும்.

திருநெல்வேலிப் பக்கத்தில் வாழ்ந்த என் பெரியம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயதில் இது வந்தது. உச்சி வெயிலிலும், "அந்தக் காத்தாடியை நிறுத்துய்யா" என்று கெஞ்சுவாள். மஞ்சள் பூசுவதையும் இடக் கன்னத்தோடு நிறுத்திக்கொண்டாள். வலக் கன்னத்தைத் தன் விரலாலேயே தீண்ட அஞ்சினாள். பேச்சின் நடுவில் சட்டென்று வாய் மூடிச் சிலையாக உட்கார்ந்துவிட்டு, அரை நிமிஷம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடருவாள். இதைக் கண்டவர்களில் சிலர் கண்ணேறு என்றார்கள்; சிலர், அடுப்பங்கரைக்குப் போகாமலிருக்க நல்ல உபாயம் என்று காதுபடவே சொன்னார்கள். சுக்குப் பற்றும் நொச்சி ஆவியும் பயன்படாமற்போகவே, வலி பல்லில்தான் என்று தீர்மானித்து, மேல்தாடையில் இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். பல் போயிற்று, வலி போகவில்லை.

இந்த அவசரத் தீர்மானம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. தத்துவ ஞானி என்று உலகம் அறிந்த ஜான் லாக் வைத்தியமும் கற்றவர். 1677ஆம் ஆண்டு அவர் பாரிஸ் நகரில் இருந்தபோது, இங்கிலாந்துத் தூதருடைய மனைவியான நார்தம்பர்லாந்துப் பிரபு குலப் பெண்மணிக்கு இதே வேதனை கண்டு, அவரை அழைத்தார்கள். பல் பிடுங்கியும் தீராதிருந்த அந்த வலியை நேரில் கண்டவர், இங்கிலாந்திலிருந்த ஒரு வைத்திய நண்பருக்கு அதை விவரித்துக் கடிதங்கள் எழுதினார். பிரபு குலத்தவளானாலும் பல்தான் முதலில் பலியாயிற்று என்பதை அறிந்தபோது, பெரியம்மாவின் உறவினர்கள் மேல் எனக்கிருந்த கோபம் சற்றே தணிந்தது. பின்னர் 1756இல் பிரான்சு தேசத்து நிக்கோலா ஆந்த்ரே இந்நோய்க்குத் தனிப் பெயர் சூட்டினார். 1773இல் லண்டன் வைத்தியர் ஜான் ஃபோதர்கில் இதன் லட்சணங்களைத் தொகுத்து உரைத்தார்.

காரணம் விளங்குவதற்கு மேலும் வெகுகாலம் பிடித்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வால்டர் டாண்டி, 1930களில், மண்டையின் பின்புறமாகத் திறந்து இந்த நரம்பை அறுக்கும் சிகிச்சை செய்துவந்தபோது, பலருக்கு நரம்பின் அடிவேரில் ஓர் இரத்தக் குழாய் அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். தெருவோரத்து மின்கம்பியின் மேல் வேப்பங்கிளை உராய்ந்து உராய்ந்து உறை தேய்ந்துபோனால், சிறு காற்றுக்கும் பொறி பறக்கிறதல்லவா? நாடித் துடிப்புக்குத் துடிப்பு இரத்தக் குழாய் இடித்துக்கொண்டிருக்க, நரம்பைப் போர்த்திய கொழுப்புறையும் அவ்வாறே தேய்கிறது. கன்னத்தைத் தீண்டிய சிறு ஸ்பரிசமும் பெருவேதனையாகத் தாவிப் பாய்கிறது. 1960களில் பீட்டர் ஜானெட்டா நுண்பெருக்கியின் உதவியோடு அக்குழாயை மெல்ல விலக்கி, இடையில் மெத்தென்ற ஒரு சிறு திண்டு வைக்கும் முறையை வகுத்தார். நரம்பை அறுக்காமலே வலி நின்றது.

இத்தோடு கணக்கு முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. வலியே அறியாத மனிதர் பலருக்கும் படம் எடுத்துப் பார்த்தால் இரத்தக் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. துன்புறுகிறவர் சிலருக்கோ அப்படி ஒன்றும் காணப்படுவதில்லை. இளவயதினருக்கு இவ்வலி வந்தால் நரம்புறையை அரிக்கும் வேறு நோயையும், அபூர்வமாகச் சிலருக்குக் கட்டியையும் தேடவேண்டியிருக்கிறது. அதற்காகவே எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். வலி பொய்யா மெய்யா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அந்தப் படத்துக்கு இல்லை.

பெரியம்மாவை இறுதியில் ஒரு நரம்பியல் வைத்தியரிடம் அழைத்துப்போனோம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில், எப்போது வந்தது, எதைத் தின்றபோது வந்தது, எத்தனை முறை முருகா என்பதற்குள் அடங்கியது என்றெல்லாம் அவள் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். அவர் படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் அந்தத் தாள்களைப் படித்தார். பிறகு எழுதிக்கொடுத்தது கார்பமஸெபைன் என்னும் மாத்திரை. காக்காய்வலிப்புக்குக் கொடுக்கும் இம்மருந்து முக்கிளை நரம்பு வலிக்கும் உதவுகிறது என்பது 1962இல் வெளியான செய்தி. சில நாட்களில் வலி தணிந்தது. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படியாகத் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வந்து சேர்ந்தன. இரத்தத்தில் உப்புக் குறையாமலிருக்கிறதா என்று அவ்வப்போது பரிசோதிக்கவேண்டும். தோலில் தடிப்புக் கண்டால் அன்றே வைத்தியரிடம் ஓடவேண்டும். நம் நாட்டவர் உள்ளிட்ட ஆசியர் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்த ஒரு கூறினால், இம்மருந்து தோலை உரித்து உயிருக்கே ஆபத்து விளைவிப்பதுண்டு. ஆகையால் அடுத்த வீட்டுக்காரர் சாப்பிட்ட மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிடும் நம்முடைய பழைய வழக்கம் இங்கே உதவாது.

காலண்டர்த் தாளில் குறித்துக்கொண்டிருக்க அவகாசம் தராத தலைவலிகளும் உண்டு. ஒரே கணத்தில் உச்சத்தை எட்டி, இதுவரை இப்படி வலித்ததில்லை என்று சொல்லவைப்பது. காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது. கைகால் தளர்ந்து பேச்சுக் குழறுவது. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தோன்றி, மெல்லும்போது தாடை கடுத்து, பார்வை மங்குவது: இவற்றுக்கெல்லாம் சுக்கையும் தைலத்தையும் தேடாமல் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிடரியிலிருந்து ஏறும் நரம்பு வலி, முக்கிளை நரம்பின் வலியளவுக்குக் கொடியதன்று, ஆனால் அதைவிட ஏமாற்றுவது. கழுத்தெலும்பின் இரண்டாம், மூன்றாம் கணுக்களுக்கருகே புறப்பட்டுப் பின்மண்டைத் தோலில் பரவும் நரம்புகள், இறுகிய தசையாலோ அடிபட்டதாலோ தேய்ந்த எலும்பாலோ துன்புறும்போது, வலி பிடரியில் கிளம்பி உச்சிவரை பாய்ந்து, சில சமயம் கண்ணுக்குப் பின்னாலும் போய்க் குத்தும். தலை வாரினால் சீப்புப் படும் இடமெல்லாம் கூசும், தலையணையே பகையாகும். கண்ணில் குத்துகிறதே என்று கண்ணாடி மாற்றியவர்களையும், மூக்கடைப்பின் விளைவு என்று ஆவி பிடித்தே மாதங்களைக் கழித்தவர்களையும் நான் அறிவேன். இங்கே வைத்தியர் அந்த நரம்புக்கருகில் மரத்துப்போகும் ஊசி ஒன்றைப் போட்டு, சற்று நேரம் காத்திருந்து, இப்போது எப்படி என்று கேட்கிறார். நின்றுவிட்டது என்று நோயாளி சொன்னால், அந்த நரம்பே காரணம் என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆயினும் ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் இதே ஊசி சில வேளை சுகம் தருவதால், விவேகமுள்ள வைத்தியர் அதோடு திருப்தியடையாமல், எங்கே தொடங்குகிறது, எவ்வழியாகப் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கத் தொடங்குகிறார்.