காலங்கடந்த கல்வியும் கட்டணமும்

இலவசக் கல்வி என்னும் தொடர் நம் நாட்டிலே பெருமிதத்தோடு உச்சரிக்கப்படுவது. பெருமைக்குக் காரணமும் உண்டு. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையின் பயனாக, 1945 முதல் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் ஈறாகக் கட்டணமின்றிக் கற்கும் உரிமை இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. பிள்ளைகள் என்ற சொல்லை ஈண்டு வேண்டுமென்றே ஆள்கிறேன். அவ்வுரிமைக்கும் ஒரு வயது உண்டு. 2022இல் நான் கலைப்பீடத்துக்குத் தெரிவான அதே ஆண்டிலே என் சித்தியும் பட்டப்படிப்புக்குப் பதிவுசெய்துகொண்டபோதே இது எனக்குப் புலப்பட்டது.

நான் உள்வாரி மாணவன். சித்தி வெளிவாரி மாணவி. படிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒன்றே. இலக்கணக் குறிப்புகளை ஒரே மேசையிலிருந்து எழுதிக்கொண்ட இரவுகளும் உண்டு. எனக்கு விரிவுரைக் கட்டணம் இல்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியத்திலிருந்து மாதந்தோறும் புலமைப்பரிசிலும் கிடைக்கிறது. 5,000 ரூபாவாக இருந்த அத்தொகையை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 7,500 ரூபாவாக்கியது. போதாதுதான்; எனினும் வருவது. சித்திக்கோ பதிவுக் கட்டணம், பாடநெறிக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் என மூன்று வகை. அவற்றின் மேல் வார இறுதி வகுப்புகளுக்கான பஸ் செலவு, குறிப்புகளைப் பிரதியெடுக்கும் செலவு. எவரும் கணக்கில் சேர்க்காத இன்னொன்றும் உண்டு: சனிக்கிழமை வகுப்புக்குப் போனால் அன்று தைக்கப்படாத சட்டைகளின் கூலி.

அவர் உரிய வயதிலே வந்திருக்கலாமே என்று கேட்போர் உளர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது சித்திக்கு வயது 18. அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதவிருந்தவர். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்திரளிலே, மழையில், சைக்கிள் கரியரில் அவருடைய கொப்பிகள் கட்டப்பட்டிருந்தனவாம். கொப்பிகள் சாவகச்சேரி வரை நனைந்தபடி போய்ச் சேர்ந்தன. 1996இல் ஊர் திரும்பியபோது தாத்தா படுக்கையில் இருந்தார். வீட்டுக்கு உழைக்க ஒருவர் வேண்டியிருந்தது. சித்தி தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். பின்னர் முன்பள்ளி ஆசிரியையானார். தம் 42ஆம் வயதில், 2019இல், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றித் தமிழ், இந்துநாகரிகம், அரசியல் விஞ்ஞானம் மூன்றிலும் சித்தியடைந்தார். வெட்டுப்புள்ளியை எட்டும் பெறுபேறு அன்று; எட்டியிருப்பினும் நாள்தோறும் விரிவுரைக்கு வர அவரால் இயன்றிராது.

தொழில் செய்துகொண்டே கற்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே தன் பட்டங்களை வெளிவாரிப் பரீட்சார்த்திகளுக்குத் திறந்துவிட்டது. பிற்காலத்தில் விபுலாநந்த அடிகள் என அறியப்பட்ட மயில்வாகனனார் யாழ்ப்பாணத்திலே ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில், 1920இல், அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார், வயது 28. அத்தலைமுறையினரின் ஊக்கத்தை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவர்கள் கட்டணத்தை எவ்வாறு கட்டினர் என்று எவரும் பேசுவதில்லை. ஆசிரியச் சம்பளம் என ஒன்று அவர்களுக்கு இருந்தது. முன்பள்ளி ஆசிரியையின் மாதப்படியை அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உயர்தரச் சித்தி இல்லாதோரையும் அடிப்படைப் பாடநெறிகளின் வழியே ஏற்றுக்கொண்டு அரும்பணி ஆற்றியுள்ளது. அங்கே வயது தடையன்று. ஆயினும் அங்கும் கட்டணம் கட்டியே கற்கவேண்டும்.

சித்தியின் பணம் இரண்டு வழிகளில் திரள்கிறது. ஒன்று சீட்டு. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பிடிக்கும் அச்சீட்டைப் பரீட்சைக் கட்டணம் கேட்கும் மாதத்திலே எடுக்கவேண்டுமென்பதால், அவர் பெரும்பாலும் கழிவு கூட்டிக் கேட்டே எடுக்கிறார். காத்திருந்து எடுப்பவருக்கு இலாபம், படிப்பவருக்கு நட்டம். மற்றது நகை அடைவு. சித்திக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கென அம்மம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த சங்கிலியும் ஒரு சோடி காப்பும் அவரிடம் இருந்தன. கலியாணம் நிகழவில்லை. அச்சங்கிலி 2022 தொடக்கம் வங்கிக்குப் போவதும் மீள்வதுமாக இருக்கிறது. அவ்வாண்டு ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதன் பொருளை எங்கள் பொருளியல் மாணவர்கள் விளக்குவதற்கு முன்னரே சித்தி அடைவுப் பற்றுச்சீட்டிலே படித்துவிட்டார்.

கனடாவில் மாமா இருக்கிறார். வருடந்தோறும் கோயில் திருவிழா உபயத்துக்குத் தவறாது அனுப்புபவர். சித்தி ஒரேயொரு முறை தொலைபேசியில் படிப்புச் செலவைப் பற்றிச் சொன்னார். "இந்த வயசிலை படிச்சு நீ ஆருக்குக் கணக்குக் காட்டப் போறாய்?" என்று மாமா கேட்டார். "கோயிலுக்குக் குடுக்கேக்கை கணக்குக் கேக்கிறியளே, அண்ணை?" என்றார் சித்தி. மாமா சிரித்தார். அம்மாதம் கூரை திருத்துவதற்குப் பணம் வந்தது, படிப்புக்கு வரவில்லை. மாமாவைக் குறைகூற எனக்கு மனமில்லை. கூரையும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் மாமாவின் வினாவைத்தான் சட்டங்களும் வேறு மொழியிலே கேட்கின்றன. கல்விக்குச் செலவிடும் பணம் பிற்காலச் சம்பளமாகத் திரும்பவேண்டும் என்பது அவற்றின் எண்ணம். பட்டதாரி ஆசிரியர் சேர்ப்புக்கு வயதெல்லை உண்டு; சித்தி அதனைக் கடந்து பல ஆண்டுகளாயின. எனவே அவருடைய படிப்பு முதலீடு ஆகாது, வீண்செலவு எனலாம். இவ்வெண்ணம் எங்கும் ஒன்றுபோல் இல்லை. தமிழரும் வாழ்கின்ற சிங்கப்பூரிலே 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உடைய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், தெரிந்தெடுத்த பாடநெறிகளில் மீண்டும் கற்பதற்கென, 4,000 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. அது செல்வ நாடு; அதன் கணக்கும் தொழிற்சந்தையை நோக்கியதே. எனினும் நாற்பதைக் கல்வியின் முடிவென அது கொள்ளவில்லை.

விடுதி வசதியின்றி அல்லலுறும் இளம் மாணவர் இருக்க, நடுவயதினர்க்கு நிதி எங்கே என்று எம் விரிவுரையாளர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயினும் 1995இன் பின் சித்தியின் கல்விக்கென அரசு ஒரு சதமும் செலவிடவில்லை. அவருக்குரிய பங்கு இன்னும் கொடுபடாமலே இருக்கிறது. போரினாலும் இடப்பெயர்வினாலும் பாடசாலையை இழந்தவர்க்கு வெளிவாரிப் படிப்பில் ஒரு தடவையேனும் கட்டண விலக்கு அளிப்பது சலுகையாகாது, நிலுவையைத் தீர்த்தலேயாகும். அவர் எந்தப் பாடசாலையில், எந்த வகுப்பு வரை கற்றார் என்பதற்குப் பழைய மாணவர் அறிக்கையே சான்றாகும். சித்தி தம்முடையதை இன்றும் பொலித்தீன் உறையிலிட்டு வைத்திருக்கிறார்.

இறுதிப் பகுதிக்குரிய கட்டணம் இப்போது கேட்கப்பட்டுள்ளது. சீட்டை ஏற்கெனவே எடுத்தாயிற்று. சங்கிலி வங்கியில் உள்ளது. காப்புகளையும் கொண்டுபோவதா என்பது பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது. எழுதவேண்டாம் என்று கூறி என் மகாபொலப் பணத்திலிருந்து 6,000 ரூபாவைக் கொடுத்தேன். "அது உனக்குத் தந்த காசு, தம்பி" என்றவர், தம் கடன் கொப்பியில், சீட்டுக்காரிக்கும் பிரதிக்கடைக்காரருக்கும் இடையே, என் பெயரையும் திகதியையும் எழுதிக்கொண்டார்.