கண்ணாடிக் கூட்டுக்குள் காலம்

ஓடிக்கொண்டிருக்கும் ஊசல் கடிகாரத்தைக் கையில் ஏந்திச் சில அடிகள் நடந்தால் போதும், ஊசல் தடுமாறும், ஓட்டம் நின்றுவிடும். அசையாத இடமே அதற்கு உயிர். மனிதனோ ஓரிடத்தில் நில்லாதவன். அவனோடு வண்டியேறி வரும் கடிகாரம் ஒன்று வேண்டும் என்னும் தேவையிலிருந்து பிறந்ததே பிரெஞ்சுப் பயணக் கடிகாரம்.

பயணம் தந்த வடிவம்

பாரிசு நகரில் தொழில் செய்த ஆபிரகாம் லூயி பிரெகே (1747–1823) இவ்வகைக் கடிகாரத்தின் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். எகிப்தின்மீது படையெடுத்துப் புறப்படுமுன், 1798ஆம் ஆண்டில், நெப்போலியன் அவரிடம் ஒரு பயணக் கடிகாரம் வாங்கினார். ஊசலுக்கு மாற்றாக அதில் சிறு சமநிலைச் சக்கரம் ஒன்று மெல்லிய சுருள்வில்லின் துணையோடு முன்னும் பின்னும் சுழன்றது. வண்டி குலுங்கினாலும் நேரம் நிற்கவில்லை. பிரெகேயின் படைப்புகள் பெருஞ்செல்வர்க்கே எட்டின. 1830களில் பால் கார்னியே எளிய அமைப்பில், குறைந்த விலையில் அவற்றைச் செய்யத் தொடங்கிய பின்னரே அத்தொழில் தழைத்தது.

கடிகாரக் கூட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. தூக்கிச் செல்ல மேலே கைப்பிடி. அதிர்ச்சியைத் தாங்கப் பித்தளைச் சட்டம். தூசி புகாமல் காக்க, விளிம்பு சாய்வாகத் தீட்டப்பட்ட கண்ணாடிகள். மேற்புறக் கண்ணாடி வழியே சமநிலைச் சக்கரத்தின் துடிப்பைக் காணலாம். சிலவற்றில் மேலே ஒரு பொத்தானும் உண்டு. விளக்கற்ற இரவில் அதை அழுத்தினால், கடந்துபோன மணியைக் கடிகாரம் மீண்டும் அடித்துச் சொல்லும். கண் காணாததைக் காது அறிந்துகொள்ளும்.

தேவையும் அழகும்

தேவை நிறைவேறியதும் கைவினைஞர் உள்ளம் அழகை நாடியது. எடுப்பான விளிம்புகள் கொண்ட எளிய கூட்டைக் ‘கோர்னிஷ்’ என்றனர். மேலும் கீழும் வளைந்து உள்வாங்கிய பள்ளங்களை உடையது ‘கோர்ஜ்’. தூண்களில் நெடுவரிகள் செதுக்கப்பட்டது ‘கானெலே’. மூங்கிலின் கணுக்களைப் பித்தளையில் வார்த்தெடுத்த கூடுகளும் உண்டு. சிலவற்றில் கண்ணாடிக்கு மாற்றாக, ஓவியம் தீட்டிய பீங்கான் பலகைகளையும் லிமோஜ் நகரத்து எனாமல் பலகைகளையும் பொருத்தினர். வடிவங்கள் பலவாயினும், கைப்பிடியும் சட்டமும் பெரும்பாலும் மாறவில்லை. அழகு தேவையை அழிக்காமல் அதன்மேல் அமர்ந்தது.

பெயரற்ற கைகள்

நார்மண்டிப் பகுதியில் சேன் நிக்கோலா தாலியெர்மோன் என்றோர் ஊர் உள்ளது. அவ்வூர்த் தொழிலாளர்கள் பொறியின் அடிப்படைப் பகுதிகளைச் செய்து அனுப்ப, பாரிசு நகரக் கைவினைஞர்கள் அவற்றைச் செப்பனிட்டு நிறைவு செய்தனர். பல்சக்கரம் வெட்டியவர், சுருள்வில் அமைத்தவர், கூடு வார்த்தவர், பொன்முலாம் பூசியவர் எனப் பலர் உழைப்பில் ஒரு கடிகாரம் உருவானது. ஆயினும், அதன் முகப்பில் பெரும்பாலும் இடம்பெற்றது விற்பனையாளரின் பெயரே! கடிகாரம் இலண்டன் கடைக்குச் சென்றால், இலண்டன் வணிகரின் பெயரே அதில் பொறிக்கப்பட்டது. கண்ணாடிக் கூடு பொறி முழுவதையும் காட்டியது. அதைச் செய்த கைகளைக் காட்டவில்லை.

எனினும், சில பட்டறைகள் கடிகாரத்தின் பின்தகட்டில் தம் சிறு முத்திரையைப் பதித்துச் சென்றன. இன்று ஆய்வாளர்கள் அம்முத்திரைகளைக் கொண்டே உருவாக்கியவர்களை அடையாளம் காண்கின்றனர். பழம்பொருள் ஒன்றைக் காணும்போது முகப்பை வியப்பதோடு நின்றுவிடலாகாது. அதன் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். உழைத்தவரின் கையொப்பம் அங்கே இருக்கக்கூடும்.