ஒழுங்கின் விலை

"எதுவும் சிதைவை நோக்கியே செல்லும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, ஆகவே உயிர்கள் படிப்படியாகப் பரிணமித்திருக்க இயலாது." தில்லிக்கு வந்த நாள்தொட்டு நண்பர்களிடம் நாம் இவ்வாறே வாதிட்டு வந்தோம். ஒரு கோடை இரவில் இதைக் கேட்டிருந்த நம் மகள், "அப்பா, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்" என்றாள். தொட்டோம், சுட்டது. உள்ளே பனிக்கட்டி உறைய, வெளியே வெப்பம் கழிகிறது.

கிளாசியஸ் 1865-இல் 'என்ட்ரோபி' எனப் பெயரிட்ட அச்சிதறல் குறையவே குறையாது என்பது, புறத்தோடு கொடுக்கல் வாங்கல் அற்ற அமைப்புக்கே பொருந்தும். புவி அத்தகையதன்று. மேற்பரப்பில் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கதிரவனிடம் ஒளித்துகள் ஒன்றைப் பெற்று, சுமார் 20 அகச்சிவப்புத் துகள்களாக அது விண்ணில் இறைக்கிறது. வெளியே சிதறல் பெருகுவதால் இங்கே ஒழுங்கு விளைய இடமுண்டு.

ஆயினும், விதி தடுக்கவில்லை என்பதனால் முதல் உயிர் தோன்றிய வழி விளங்கிவிடாது. அதை வேதியியலார் இன்றும் தேடுகின்றனர். ஒப்புதல் ஆணை வந்ததுமே கட்டடம் எழும்பிவிட்டதென எந்த எழுத்தரும் குறிப்பெழுதுவதில்லை அன்றோ!

மறுநாளே நண்பர்களிடம் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். மகளிடம் தோற்றதில் நமக்குப் பெருமையே.