பழைய சாலையும் பழைய நண்பர்களும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு பயின்றவர்களுள் மூவர் வடக்கே இருக்கின்றனர். ஒருவர் பேராக்கிலும், மற்றொருவர் பினாங்கிலும், இன்னொருவர் கெடாவிலும் பணியாற்றுகின்றனர். திருமண வீடுகளிலும் இழவு வீடுகளிலும் அவசரமாகக் கண்டு, நலம் கேட்டுப் பிரிவதே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஓய்வு பெறும் வயதை நெருங்கும் இந்நாளிலாவது ஆற அமர இருந்து பேச வேண்டுமென்று எண்ணி, சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் புறப்பட்டோம்.

படுக்கையும் சிறிய அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தப்பட்ட வேன் ஒன்றை உறவினர் ஒருவர் தந்துதவினார். அது விரைந்து ஓடும் வண்டியன்று. எங்களுக்கும் விரைவு தேவைப்படவில்லை. 1994-இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு விரைவுச் சாலையை விடுத்து, ஊர்களின் நடுவே செல்லும் பழைய சாலையிலேயே சென்றோம். நினைத்த இடத்தில் நிறுத்தித் தேநீர் வைத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் உள்ளே படுத்து அதன் ஓசையைக் கேட்கலாம்.

முதலில் கோலகங்சாரில் தங்கினோம். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த இரப்பர்க் கன்றுகள், சிங்கப்பூர் வழியாக 1877-இல் இந்நகரை வந்தடைந்தன. அவற்றின் தலைமுறையைச் சேர்ந்த பழைய மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர் என் துணைவியார். அவர் விளக்கப் பலகையைப் படிக்கவில்லை. மரத்தைச் சுற்றி வந்து, பட்டையில் வெட்டுத் தழும்பு தென்படுகிறதா என்று தேடினார். பின்னர், விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தம் தாயைப் பற்றியும், தாய்க்குக் கொடுத்த நிரையில் தாம் மங்குத் துடைத்த நாள்களைப் பற்றியும் தைப்பிங் சேரும் வரையில் பேசிக்கொண்டே வந்தார். முப்பது ஆண்டு இல்லறத்தில் நான் கேட்டிராத செய்திகள் அவை.

தைப்பிங் பழம்பெருமை வாய்ந்த நகரம். ஈயம் தோண்டிய பள்ளங்களே அங்கு ஏரிப் பூங்காவாக மாறியுள்ளன. நாட்டின் மிகப் பழைய அரும்பொருளகமான பேராக் அரும்பொருளகம் 1883-இல் அங்குதான் தோன்றியது. இந்நாட்டின் முதல் இரயில் பாதையும் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கே திறக்கப்பட்டது. அந்தத் துறைமுகம் இன்று கோல செபத்தாங் என வழங்குகிறது.

நண்பரின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் மனைவி கடிந்துகொண்டார். “வாசல் வரை வந்துவிட்டு வண்டியிலேயே சமைத்துச் சாப்பிடுவதென்றால், எங்கள் வீட்டு அடுப்பு எதற்கு அண்ணா?” என்றார். அதன் பிறகு மூன்று நாள் எங்கள் அடுப்புக்கு வேலையில்லை.

நண்பர் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளி, முன்பு தோட்டத்தில் இருந்தது. தோட்டம் கைமாறி மக்கள் வெளியேறியபின் பட்டணத்துக்கு மாற்றப்பட்டது. புதிய கட்டடத்தின் அலமாரியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பொருளை அவர் எடுத்து மேசைமீது வைத்தார். பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடு அது. ஓரங்கள் செல்லரித்திருந்தன. மை மங்கிய போதிலும் எழுத்து முத்து முத்தாக இருந்தது. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில், பால்வெட்டு, பால்வெட்டு, புல்வெட்டு, பால்வெட்டு என்று பக்கம் பக்கமாக வந்தது. விலகிய காரணம் என்ற கட்டத்தில், வேறு தோட்டம் சென்றனர் என்பதே மிகுதி. சில வரிகளில் குழந்தையின் பெயருக்கு எதிரே ‘காலமானார்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

“அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெறுகிறேன். இதை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? பழைய தாள்களை அகற்றும் நாளில் இதுவும் கட்டோடு போய்விடும்,” என்றார் நண்பர். அதற்கு உடனடியாக மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

தைப்பிங்கிலிருந்து பினாங்கு சென்றோம். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ்டவுனின் தெருக்களில் எங்களை நண்பர் நடத்தியே அழைத்துச் சென்றார். குயின் வீதி மாரியம்மன் கோயிலையும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் கண்டோம். இரண்டுமே தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் இங்கே வேரூன்றிய கதையைச் சொல்வன. 1816-இல் தொடங்கப்பெற்ற பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பும் நடைபெற்றதை வைத்தே, இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டை 2016-இல் கொண்டாடினோம். “அந்த வகுப்பைப் பற்றி அன்று எவரும் ஒரு வரி எழுதி வைக்காதிருந்தால், எதைக் கொண்டு விழா எடுத்திருப்போம்?” என்று நண்பர் கேட்டார். தைப்பிங்கில் கண்ட பதிவேடு என் நினைவுக்கு வந்தது.

இறுதியாகக் கெடாவுக்குச் சென்றோம். சோழப் பேரரசன் இராசேந்திரன் 1025-இல் கடல் கடந்து படை செலுத்திய கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்தின் வளாகத்தில், புக்கிட் பத்து பாகாட் சண்டி என்னும் பழங்கோயிலின் கல் அடித்தளத்தைக் கண்டோம். சிதைந்து கிடந்த அதனை 1960-ஆம் ஆண்டளவில் கல்லோடு கல் பொருத்தி மீண்டும் எடுத்து நிறுத்தினர். நீரோடையின் ஒலி கேட்கும் அந்த மேட்டில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

அங்கேதான் நண்பர் மற்றொரு சண்டியைப் பற்றிக் கூறினார். அதே பள்ளத்தாக்கில், பதினோராம் எண்ணிட்ட சண்டி, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டுவிட்ட செய்தி 2013-இல் வெளியாயிற்று. பாதுகாக்கப்பட்ட இடமென்று அது அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. பல நூற்றாண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய கட்டுமானம், இயந்திரத்தின் முன் நிற்கவில்லை. ஒன்று எழுந்து நிற்கிறது, மற்றொன்று இல்லை. கல்லின் வலிமையில் வேறுபாடில்லை. காப்பவர் இருந்தாரா என்பதிலேதான் வேறுபாடு.

அன்றிரவு வண்டியின் கதவைத் திறந்து வைத்து, கெடா நண்பரோடு அமர்ந்தவாறே தைப்பிங் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் படம் எடுத்து எங்கள் இருவருக்கும் பினாங்கு நண்பருக்கும் அனுப்புவது. நால்வரும் பிரித்துக்கொண்டு படியெடுப்பது. படிகளை நான்கு பள்ளிகளிலும் வைப்பது என்று முடிவு செய்தோம். இப்போது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மங்கிய பெயர்களைப் படிப்பதில் என் துணைவியார் எனக்கு உதவுகிறார். தோட்டத்துப் பெயர்கள் அவருக்கு எளிதில் பிடிபடுகின்றன.

பள்ளி திறந்ததும், தங்கள் பாட்டன் பாட்டி எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தனர் என்று கேட்டு வருமாறு ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பணித்தேன். அவர்கள் கொண்டுவந்த பெயர்களுள் சில, இன்று வீடமைப்புப் பகுதிகள். சில, செம்பனைக் காடுகள். ஒரு மாணவி, தன் பாட்டி சொல்லச் சொல்ல, லயத்து வீடுகளை வரிசையாக வரைந்து, ஒவ்வொரு வீட்டிலும் குடியிருந்தவரின் பெயரை எழுதி வந்தாள்.

நெடுந்தொலைவு செல்ல வண்டி எல்லார்க்கும் வாய்க்காது. ஆனால், நம் பள்ளி அலுவலக அறையில் ஒரு பழைய அலமாரி இருக்கிறது. ஆசிரியப் பெருமக்களே, அதைத் திறந்து பாருங்கள். பதிவேட்டின் முதற்பக்கம் கிழிந்திருந்தால், இரண்டாம் பக்கத்திலிருந்து படியெடுக்கத் தொடங்குங்கள்.