அசதி என்றொரு சொல்

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. ஒவ்வொரு முறை செல்லும்போதும் மருத்துவர் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, வீங்கியவை எத்தனை, வலிப்பவை எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்வார். உலகெங்கும் புழங்கும் கணக்குதான் அது. பாதங்களும் கணுக்கால்களும் அந்த 28இல் சேர்வதில்லை என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். அம்மாவோ மூட்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. “வலியக்கூடப் பொறுத்துக்கலாம்பா, இந்த அசதியத்தான் தாங்க முடியல” என்பார். களைப்பு வேறு, அசதி வேறு என்பது அவருடைய அகராதி. களைப்பு உழைப்பைத் தொடர்ந்து வருவது, உறங்கினால் போய்விடும். அசதி உறங்கி எழுந்த பிறகும் உடம்பிலேயே கிடக்கும்.

அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள மருத்துவரின் படிவத்தில் இடமில்லை. அதற்கு அவரை நொந்து பயனில்லை. முடக்குவாத மருந்துகளின் பலனை அளப்பதற்கென 1993இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு ஏழு அளவைகளை வகுத்தது. அவற்றுள் நோயாளியைக் கேட்டறிபவை மூன்று: வலி, அன்றாடச் செயல்திறன், தன் நோய்நிலை பற்றி அவரது ஒட்டுமொத்த மதிப்பீடு. அசதி அங்கே இல்லை. ஆய்வில் அளக்கப்படாத ஒன்றுக்குச் சான்று சேர்வதில்லை. சான்றில்லாத ஒன்றைச் சிகிச்சை நெறிமுறை பொருட்படுத்துவதும் இல்லை.

இத்தகைய அளவைகளைப் பற்றி விவாதிக்கும் ஒமெராக்ட் என்ற ஆய்வாளர் குழு, 2002இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கூடியபோது முதன்முறையாக நோயாளிகளையும் பங்கேற்பாளர்களாக அழைத்தது. வந்தவர்கள் அசதியைப் பற்றிப் பேசினார்கள். 2006இல் மால்டாவில் கூடிய மாநாடு, முடக்குவாத ஆய்வுகளில் இனி அசதியையும் அளக்க வேண்டும் என ஏற்றுக்கொண்டது. மருத்துவர்கள் அதுவரை இதைக் கேள்விப்படாதவர்களா என்ன? தினமும் கேட்டிருப்பார்கள். நோயாளி சொல்வது புலம்பலாகக் காதில் விழும் இடம் ஒன்று, கருத்தாகப் பதிவாகும் இடம் வேறொன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

நெறிமுறையை எழுதும் மேசையிலேயே நோயாளி அமர்ந்தால் சச்சரவும் உடன்வரும். இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் தன் குழுக்களில் நோயாளிகள், அவர்களைப் பராமரிப்போர் போன்றோரையும் உறுப்பினர்களாக வைத்துக்கொள்கிறது. நாட்பட்ட சோர்வு நோய்க்கு 2007இல் அது வெளியிட்ட நெறிமுறை, படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதனால் தங்கள் நிலை மோசமாவதாக நோயாளிகள் பல்லாண்டுகள் சொல்லிவந்தனர். புதிய நெறிமுறை அப்பயிற்சியைக் கைவிட்டது. சான்றுகள் புறக்கணிக்கப்பட்டதாகச் சில மருத்துவ அமைப்புகள் எதிர்க்க, குழுவிலிருந்து சிலர் விலக, 2021 ஆகஸ்டில் வெளிவரவேண்டியது அக்டோபர் இறுதியில்தான் வந்தது.

நோயாளி சொல்லிவிட்டார் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்ற எதிர்த்தரப்பு வாதத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பயிற்சியை ஆதரித்த சான்றுகளின் தரம் தாழ்ந்தது அல்லது மிகத் தாழ்ந்தது என்றே குழு மதிப்பிட்டிருந்தது. ஆகவே இவ்விஷயத்தில் என் சார்பு குழுவின் பக்கமே.

எனக்குள்ள உறுத்தல் வேறு. இந்நோய் முற்றியவர்கள் இருட்டறையில், பேச்சொலியைக்கூடத் தாங்க முடியாமல் கிடப்பவர்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்து, கூட்டம் கூட்டமாக அமர்ந்து வாதிட அவர்களால் இயலாது. அவர்களுக்காகப் பேசுகிறவர், எழுந்து உட்கார முடிந்த இன்னொரு நோயாளி.