மணியோசையும் என் நிரலும்

ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் வெப்பம் ஏறினால், இணையம் வழியே செய்தி வந்து, என் கணினி ஐந்து முறை ஒலித்து என்னை எழுப்ப வேண்டும். அதற்கான நிரலை எழுதி முடித்த பெருமிதத்தில், தொம்மலூர் அறையில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன். விடிந்து போய்ப் பார்த்தால், மூன்று மாத உழைப்பு உருகிக் கிடந்தது!

கணினி ஒலிக்காமல் இல்லை, தோழர்களே! நான் பயன்படுத்திய ஒலிக் கட்டளை ஓசை முடியும்வரை காத்திராது. தொடங்கி வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். அடுத்த கட்டளை வந்ததும் முந்தைய ஓசை அறுபடும். ஐந்தும் ஒரே சிணுங்கலாய் முடிந்தன.

ஓசை முடிந்தபின் ஒரு நொடி காத்திருக்கச் செய்தேன். அதிலும் பிழை. ஓசைக்கு 0.2 நொடி, காத்திருப்புக்கு 1 நொடி; நொடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரத்தில் 3600 முறை ஒலிக்க வேண்டியது 3000 ஆகிவிடும். தொடக்க நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய நேரத்தை அதிலிருந்தே கணக்கிட்டு, எஞ்சிய பொழுது மட்டும் காத்திருப்பதே முறை.

மருத்துவக் கருவிகளின் அபாய ஒலிக்கு ஐஇசி 60601-1-8 என்ற பன்னாட்டு விதி இலக்கணமே வகுத்திருக்கிறது: மூன்று துடிப்பு, சிறு இடைவெளி, இரண்டு துடிப்பு, மீண்டும் அவ்வாறே. இடைவெளி பிசகினால் பொருளும் பிசகும்.

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் மணியடிக்கும் பெரியவர், ஓசை பரவ இடம்விட்டே மறுபடி அடிக்கிறார். அவர் காதில் தம் மணி விழுகிறது. நானோ, உறங்குமுன் என் நிரலை ஒருமுறைகூட ஓட்டிக் கேட்கவில்லை. நீங்களாவது கேட்டுவிட்டு உறங்குங்கள்!