செவியும் விலையும்

மருதமுனையில் எமது மூத்தம்மாவின் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. இளமையில் கைத்தறிகளுக்குத் தார் சுற்றிக் கூலி பெற்றவர் அவர். தறியின் ஓசையைக் கேட்டே, நெய்பவர் களைத்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாராம். 2004 டிசம்பர் 26 காலை, "கடல் வருது!" என்ற கூக்குரல் கேட்ட கணமே பேரப்பிள்ளையொன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார். அன்று அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூத்தம்மாவைக் காத்தது அவருடைய செவி.

அந்தச் செவி இன்று மங்கிவிட்டது. "கடல் வந்தா எனக்கு ஆரு மகன் சொல்லுற?" என்று ஒருநாள் கேட்டார். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் நாம் விடையின்றி நின்றோம்.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். காதில் அடைப்பில்லை, புண்ணில்லை. முதுமையால் உட்செவி தளர்ந்திருக்கிறது, கருவி வேண்டும் என்றார். காசு வாங்காமலே பார்த்தார். கருவியோ கடையில் இருந்தது. அதன் விலை எமது பல மாதச் சம்பளம்.

அந்த விலையின் வரலாறு விந்தையானது. 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. அது முதன்முதலாக விற்பனைக்கு வந்த பொருள்களுள் ஒன்று, 1952இன் இறுதியில் வெளிவந்த கேட்கும் கருவி. செவிப்புலன் அற்றோருக்கு ஆசிரியராக இருந்த கிரகாம் பெல்லின் நினைவாக, இக்கருவி செய்வோரிடம் திரான்சிஸ்டருக்கு உரிமைப்பணம் வாங்குவதில்லை என்று அந்நிறுவனம் முடிவு செய்தது. அறிவு இலவசமாக வழங்கப்பட்டது. ஆயினும் எழுபது ஆண்டுகளின் பின்னும் கருவி ஏழையின் கைக்கு எட்டவில்லை. கருவியால் பயன்பெறக்கூடிய நூறு பேரில் ஏறக்குறைய 17 பேரே அதனைப் பயன்படுத்துகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. மீதிப் பேர் யார் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

எனவே நாமே செய்து பார்க்கத் துணிந்தோம். மாணவர் நால்வர் துணை வந்தனர். பழைய தொலைபேசியொன்றிலிருந்து சிறு ஒலிவாங்கி கிடைத்தது. எல்.எம். 386 என்னும் பெருக்கிச் சில்லு, சில தடையிகள், கொள்ளளவிகள், ஒன்பது வோல்ற்றுப் பற்றரி, காதுக்குள் வைக்கும் ஒலிகருவி, இவ்வளவே. அனைத்தையும் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடக்கிப் பற்றாசு பிடித்தோம்.

முதல் நாள் தோல்வி. அந்தச் சில்லு இயல்பாக 20 மடங்கு பெருக்கும். ஒரு கொள்ளளவியைச் சேர்த்தால் 200 மடங்கு. நாம் பேராசைப்பட்டு 200ஐத் தேர்ந்தோம். மின்விசிறி இரைந்தது, காகம் இடியெனக் கரைந்தது, ஒலிவாங்கி காதுக்கருவியை நெருங்கியதும் கருவி ஊளையிட்டது. மூத்தம்மா பிடுங்கி எறிந்தார். மாணவர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு கடந்த ஒலி, எஞ்சிய செவியையும் கெடுக்கும் அன்றோ?

முதுமை முதலில் பறிப்பது மேலதிர்வு ஒலிகளை. உயிரொலி கேட்கும்; வல்லொலிகள் நழுவும். 'பல்' என்றாலும் 'கல்' என்றாலும் 'அல்' என்றே காதில் விழும். அவருக்கு வேண்டியது வெறும் சத்தமன்று, தெளிவு. பெருக்கத்தை 20க்கு இறக்கினோம். நுழைவாயிலில் இருந்த கொள்ளளவியைப் பத்தில் ஒன்றாகச் சிறிதாக்கி, தாழ்ந்த இரைச்சலை வடித்தோம். ஒலியைக் குறைத்து, முதலில் எமது காதிலேயே பல மணி நேரம் வைத்துப் பார்த்தோம்.

மறுவாரம் மூத்தம்மா மெல்லத் தலையைச் சாய்த்தார். பின்வளவில் பேத்தி யாரிடமோ அவரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கா விசர்?" என்று சீறினார் கிழவி. வீடே அதிர்ந்து நின்றது. அவர் மீண்டும் வீட்டின் பேச்சுக்குள் வந்துவிட்டார்!

ஆயினும் அவருடைய கேள்விக்கு இப்பெட்டி விடையன்று. கலியாண வீட்டு இரைச்சலில் அது தடுமாறுகிறது. உறங்கும்போது அதனைக் கழற்றி வைக்கிறார். கடலோ இரவிலும் வரலாம். ஆகவே வீட்டுப் பிள்ளைகளுக்கும் அயலாருக்கும் ஒரு விதி சொல்லி வைத்தோம்: எச்சரிக்கை வந்தால் முதலில் மூத்தம்மாவைத் தொட்டு எழுப்புங்கள். அவ்விதியைத் தெருவிலுள்ள மற்ற முதியோருக்கும் விரித்தவர்கள் எமது மாணவர்கள்.

கடைக் கருவியின் விலையில் ஒரு பங்கு, செவியை அளந்து கருவியைப் பொருத்தும் திறமைக்குரியது என்பதை நாம் மறுக்கவில்லை. அத்திறமையும் கருவியும் பொதுச் சொத்தாக வேண்டும் என்பதே எமது வழக்கு. மொத்தமாக வாங்கினால் ஒரு டொலருக்குள் உதிரிப்பாகங்கள் அடங்கும் கருவியொன்றை 2020இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சாத் பம்லாவும் கூட்டாளிகளும் வடிவமைத்து, செய்முறையை யாவருக்கும் வெளியிட்டனர். இயலாது என்று இனி எவரும் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கண்ணாடி கேட்பது போல, செவிக்குக் கருவி கேட்பதும் உரிமை. ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊரில் பேச்சிலிருந்து ஒதுங்கி மூலையில் அமர்ந்திருக்கும் முதியவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு சுகாதாரப் பணிமனையின் கதவைத் தட்டுவோம். கதவு திறக்கும் வரை எமது சவர்க்காரப் பெட்டி வேலை செய்யட்டும்.